மாம்பலத்தில் 24 வீட்டுப் பழைய அடுக்குமாடி: இடித்துக் கட்டச் சம்மதிக்கலாமா?

நடுமாம்பலம் | ஞாயிறு காலை 7.12

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 1991-இல் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. ஆறு கிரவுண்டு மனை, தரைத்தளமும் மூன்று மாடியும், 24 வீடு. லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருக்கும் 78 வயது மாமி போன வருஷம் மொத்தமே நான்கு தடவைதான் கீழே இறங்கியிருப்பார். மழைக்காலத்தில் மேல்தளக் கூரை ஓதம் காத்துப் பூசணம் பிடிக்கிறது. போன மாதம் நடுராத்திரியில் எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காங்கிரீட் பத்தை பெயர்ந்து விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கம்பி, பழைய வெல்லம் மாதிரி பொருக்குப் பொருக்காக நிற்கிறது.

இந்த நேரம் பார்த்து ஒரு பில்டர் வந்திருக்கிறார். 900 சதுர அடி வீட்டுக்குப் பதில் 1,000 சதுர அடி, லிஃப்ட், ஆளுக்கு ஒரு கார் நிறுத்தம், கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க 24 மாத வாடகை, கையில் ஒரு தொகை. கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி. மொத்தம் 38 வீடு வரும், அதில் 14 அவர் விற்றுக்கொள்வார். "பைசா செலவில்லாமல் புது வீடு சார்" என்றார். சங்கத்தில் பாதிப் பேருக்கு இப்போதே கிரகப்பிரவேச நாள் பார்க்கும் அவசரம்.

எனக்கு ஒரு உறுத்தல். எங்கள் தெரு 30 அடி. நான்கு வருஷத்தில் இதே மாதிரி ஐந்து கட்டடம் இடித்துக் கட்டிவிட்டார்கள். எட்டு வீடு இருந்த இடத்தில் இருபது. ஆனால் தெருவுக்கு அடியில் போகிற கழிவுநீர்க் குழாயை யாரும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. மாதம் இரண்டு தடவை மூடி வழியாகப் பொங்குகிறது. லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போகிறது. மேலே சதுர அடி கணக்குப் பார்க்கிறோம், கீழே என்ன தாங்கும் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. கூட்டத்தில் கேட்டால் "எல்லாத்துக்கும் குறுக்குச்சால் ஓட்டாதீங்க" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல்வாசல் | ஞாயிறு காலை 8.30

முதலில் சட்டம். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேலை நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்தபின் நிலைமை வேறு. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். உங்கள் 24-இல் 16.

அதனால் "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நடக்காது" என்ற தைரியத்தில் இருக்க வேண்டாம். அதே சமயம் 16 சேருவதற்கு முன்னால்தான் பேரம் பேச முடியும். அப்புறம் யாரும் உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 10.05

சார், உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன்.

ஆறு கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. உங்கள் கட்டடம் 24 × 900 = 21,600, அதாவது மனையைப் போல ஒன்றரை மடங்கு. அந்தக் காலத்து எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, அதுதான். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2.0 ஆனது. அதற்கு மேல், சாலை அகலத்தைப் பொறுத்துப் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். உங்கள் பில்டர் 2.6 வரை போகிறார் என்று தோன்றுகிறது: 37,440 சதுர அடி. உங்கள் 24 பேருக்கு 24,000 போனால் அவருக்கு 13,440. பதினான்கு வீடு. கணக்கு உதைக்காமல் நிற்கிறது.

இப்போது அவர் சொல்லாத இரண்டு கணக்கு.

ஒன்று, யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு. இன்று உங்களுக்கு 14,400-ஐ 24-ஆல் வகுத்தால் 600 சதுர அடி மண். கட்டி முடித்தபின் 1,000 / 37,440 என்ற விகிதத்தில் சுமார் 385. ஆக 215 சதுர அடி மாம்பலத்து மண்ணைக் கொடுத்துத்தான் லிஃப்டும் வாடகையும் வாங்குகிறீர்கள். பைசா செலவில்லை என்பது சரிதான், மண் செலவாகிறது. கட்டடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது.

இரண்டு, அந்த 1,000. பழைய கட்டடத்தில் ஒரு மாடிப்படி, ஒரு நடை, அவ்வளவுதான். 900-இல் பொதுப்பகுதி போக உள்ளே நடமாடுகிற இடம் 790 இருக்கலாம், டேப் வைத்து அளந்து பாருங்கள். புதுக் கட்டடத்தில் லாபி, லிஃப்ட் குழி, இரண்டாவது மாடிப்படி, வாட்ச்மேன் அறை, உடற்பயிற்சிக் கூடம் என்று யாரும் மிதிக்காத ஒரு அறை, எல்லாம் உங்கள் தலையில். கால் பங்கு அதற்குப் போனால் உள்ளே 750. வீடு பெரிதாகவில்லை, சின்னதாகிறது. ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நடமாடுகிற இடம், என்ன என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஆள் முகம் மாறும்.

கம்பிகட்டி | ஞாயிறு மதியம் 1.20

கட்டுமானத்தில் 22 வருஷம் இருக்கிறேன். இடிப்பதா வேண்டாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் பில்டர் இல்லை. நோயாளியைப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற கதை.

நீங்கள் பார்த்த பொருக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். காங்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பிக்குப் போர்வை. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெதுவாக உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். கடலோர ஊரில் உப்பும் சேரும். கழிப்பறையில் 30 வருஷமாகத் தண்ணீர் கசிந்தால் கேட்கவே வேண்டாம். துருப்பிடித்த கம்பி பல மடங்கு உப்பும். உப்பி, மேலே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். அதுதான் உங்கள் சாப்பாட்டுத் தட்டு.

அந்தக் காலத்தில் கம்பிக்கு மேல் விட வேண்டிய கவர் பல இடங்களில் அரை அங்குலம்கூட இருக்காது. கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துக் கம்பியைத் தூக்கிவைத்த கட்டடங்களை நானே இடித்திருக்கிறேன்.

ஆனால் கழிப்பறைக் கூரையில் இப்படி இருப்பதால் தூணிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பிடியுங்கள், பில்டர் அனுப்புகிற ஆள் வேண்டாம். சுத்தியல் சோதனை, நான்கைந்து இடத்தில் காங்கிரீட்டை உருளையாகக் குடைந்தெடுத்து (கோர்) நசுக்கிப் பார்ப்பது, கம்பி துருப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மின்னழுத்தச் சோதனை, இவ்வளவு போதும். தூணும் அடித்தளமும் நன்றாக இருந்தால், கெட்ட காங்கிரீட்டை உளியால் எடுத்து, கம்பியைத் தேய்த்துப் பூச்சு அடித்து, தேவைப்பட்ட தூணைச் சுற்றிப் புதுக் காங்கிரீட் ஜாக்கெட் போட்டு இன்னும் 20, 25 வருஷம் ஓட்டலாம். லிஃப்டை வெளிப்பக்கம் இரும்புச் சட்டத்தில் நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள். பக்க இடைவெளி இருந்து அனுமதியும் கிடைத்தால் வாய்ப்பு உண்டு.

ஏரிக்கரைப் பெருசு | ஞாயிறு மாலை 5.48

தம்பி, உங்கள் பக்கம் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறதே, அங்கே நின்றால் எந்த லேக் தெரிகிறது?

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. வெள்ளைக்காரன் வரைபடத்தில் லாங் டேங்க் என்றே போட்டிருப்பான். 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்துத் துண்டில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. ஏரி போய்விட்டது, லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

ஏரி வேண்டுமானால் மறந்திருக்கும், தண்ணீர் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் பார்த்தோம், 2021 நவம்பரில் மாம்பலத்துத் தெருக்களிலும் பார்த்தோம். அந்தப் பக்கம் அடியில் களிமண். பெசன்ட் நகர் மாதிரி மணல் இல்லை, ஊற்றினதும் குடிக்க.

உங்கள் வளாகத்தில் பழைய கிணறு இருக்கிறதா? இருந்தால் முதலில் அது வரைபடத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

நடுமாம்பலம் | ஞாயிறு இரவு 9.15

பெருசு ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டுமா, வேறு ஏதாவது போட வேண்டுமா தெரியவில்லை. வளாகத்தின் பின்மூலையில் உறைக்கிணறு இருக்கிறது. 2019 கோடையில் ஊரே குடத்தோடு நின்றபோது அதில் ஒரு நாளைக்கு இருநூறு லிட்டராவது வந்தது. இப்போது பில்டரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கிணறு இருக்கும் இடத்தில் காரை இறக்கும் சரிவுப் பாதை போகிறது.

ரெட்டைத்தண்டவாளம் | திங்கள் காலை 9.02

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

மாம்பலத்தில் அந்தப் 14 வீடு வராவிட்டால் அந்தப் 14 குடும்பமும் ஆவியாகிவிடாது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஏதாவது ஏரி உள்வாயில் பிளாட் போட்டு விற்பான், அங்கே போவார்கள். ஆளுக்கு ஒரு கார், இரண்டு பைக், தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு மணி நேரம். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகர்ப் பகுதி 1,189-ஆக இருந்தது, 2022-இல் 5,904 ஆனது. ஊர் இப்படிப் பரந்துகொண்டே போனால் எந்தச் சதுப்பு நிலம் மிஞ்சும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்ததற்குக் கைதட்டினோமே, அதைச் சுற்றி வீடு வாங்கியவர்கள் யார்? மாம்பலத்தில் கட்டுப்படியாகாதவர்கள்தான்.

மாம்பலத்தில் மின்சார ரயில் நடக்கிற தூரம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ பனகல் பூங்கா, கோடம்பாக்கம் வழியாக வருகிறது. ரயிலையும் பஸ்ஸையும் இவ்வளவு செலவு செய்து கொண்டுவந்து, பக்கத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது என்றால் என்ன நியாயம்? குழாய் பழசு என்றால் குழாயை மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். குழாய் பழசு என்பதற்காக அடுத்தவனுக்கு வீடு வேண்டாம் என்பது, தான் ஏறினதும் பஸ் கதவைச் சாத்துகிற வேலை.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 9.40

நியாயம்தான் தண்டவாளம். ஆனால் அந்தப் 14 வீட்டின் விலை கூடுவாஞ்சேரிக்குப் போகிற குடும்பத்துக்கு எட்டுமா? வாங்கப்போவது ஏற்கனவே இரண்டு வீடு வைத்திருப்பவர்.

ரெட்டைத்தண்டவாளம் | திங்கள் காலை 9.51

அவர் காலி செய்கிற வீடு இன்னொருவருக்குக் கிடைக்கும் இல்லையா.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 9.53

பூட்டிவைத்தால்?

வாடகைப்பறவை | திங்கள் காலை 11.30

ஒரு சின்ன சந்தேகம். அந்த 24-இல் எத்தனை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள்? மூன்றில் இரண்டு பங்கில் நாங்கள் எந்தப் பங்கு?

எட்டு வருஷத்தில் மூன்று வீடு மாறினேன். மூன்றும் இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னவை. கட்டி முடித்ததும் திரும்பி வந்து வாடகை கேட்டால் இரண்டு மடங்கு. பெண்ணின் பள்ளிக்கூடம் அதே இடம், நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போகிறோம். இப்போது பல்லாவரம்.

நடுமாம்பலம் | திங்கள் மதியம் 12.10

ஒன்பது வீடு வாடகை. உண்மையைச் சொன்னால் இதுவரை சங்கக் கூட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏழாம்மாடி | திங்கள் இரவு 10.22

பெரும்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். இழை முழுக்கப் படித்தேன். சம்மதம், கார்ப்பெட் ஏரியா, இரண்டு வருஷ வாடகை என்று பேசுகிறீர்கள். படிக்க நன்றாக இருந்தது.

நாங்கள் அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் இருந்தோம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே வீட்டுக்கு டோக்கன் கொடுத்தார்கள். லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறியது, அம்மா தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் மூன்றில் இரண்டு பங்கு கேட்கவில்லை.

வீடு மோசம் என்று சொல்ல மாட்டேன். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, மழை வந்தால் ஒழுகாது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று ராத்திரி எழுந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா நாலு வீட்டில் வேலை செய்தார், நாலும் சைதாப்பேட்டை, மாம்பலம். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நாலரைக்குக் கிளம்ப வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இரண்டு வீடு கைவிட்டுப் போனது. 2021-இல் பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனதும்தான் மூச்சு வந்தது. லிஃப்ட் நின்றுபோனால் ஏழு மாடி, தண்ணீர்க் குடத்தோடு. இன்னொரு கூத்து, ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று எங்களைத் தூக்கிக்கொண்டுவந்து வைத்த இடம் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். பெருமழை பெய்தால் இங்கேயும் கீழே முழங்கால் தண்ணீர்.

ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லும்போது அந்த ஊரைத் தினமும் பெருக்கித் துடைக்கிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள் அண்ணே. உங்கள் 38 வீட்டுக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் இல்லையா? அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

கம்பிகட்டி | செவ்வாய் காலை 6.50

ஏழாம்மாடி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு சைட்டுக்குப் போக மனசில்லை. எங்கள் சித்தாள்களில் பாதிப் பேர் இப்படிக் குடியமர்த்திய கண்ணகி நகர், பெரும்பாக்கம்தான். லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கிற மேஸ்திரியிடம் சண்டை போட்டிருக்கிறேன். நாலரை மணி என்று தெரியாது.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 8.00

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய ஆறு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்புக்குள் பேசுங்கள்.

மொட்டைமாடி | செவ்வாய் காலை 10.15

நான் அசோக் நகரில் ஒரு சங்கத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவள். தண்ணீர்க் கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 24 வீட்டுக்கு 12,960 லிட்டர். 38 வீட்டுக்கு 20,520. கூடுதல் ஏழரை ஆயிரம், ஏறக்குறைய தினமும் ஒரு லாரி. உள்ளே போகிற தண்ணீரில் முக்கால்வாசிக்கு மேல் கழிவாக வெளியே வரும், அதே பழைய குழாய்க்குள்.

மழைநீர் சேகரிப்பு போட்டால் சரியாகிவிடும் என்று பில்டர் சொல்வார். உங்கள் மொட்டைமாடி 7,000 சதுர அடி என்று வையுங்கள், 650 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வழிந்தது, ஆவியானது போக ஏழு லட்சம் லிட்டர் பிடிக்கலாம். கேட்கப் பெரிதாக இருக்கும். 38 வீட்டுக்கு 34 நாள் வரும். அவ்வளவுதான்.

இதைச் சொல்வது சேகரிப்பு வேண்டாம் என்பதற்கில்லை. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று வந்ததே, அதற்கு அப்புறம் எங்கள் கிணற்று நீர்மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் பல கட்டடத்தில் அது அதிகாரி பார்க்க வைத்த குழாய். எங்கள் சங்கத்தில் முதல் வருஷம் திறந்து பார்த்தால் குழியில் ஜல்லிக்குப் பதில் சிமெண்ட் மூட்டையும் உடைந்த டைல்ஸும். களிமண் பூமியில் மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்காது, கொசுதான் வரும். களியைத் தாண்டி மணல் வருகிற ஆழம்வரை உறைக்கிணறு இறக்க வேண்டும், அல்லது மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி இருக்கிற கிணற்றுக்கே விட வேண்டும். வருஷா வருஷம் செப்டம்பரில் வடிகட்டியைக் கழுவ ஒரு ஆள் வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், கிணற்றை விடாதீர்கள். அந்த மூலையில் கார் ஏறினால் வேறு எங்கே இறங்கும் மழை? மனை முழுக்க கீழே காங்கிரீட், மேலே பேவர் கல். அடுத்து குளித்த தண்ணீர். குளியலறைக் குழாயையும் கழிப்பறைக் குழாயையும் தனித்தனியாகக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டும்போது பெரிய செலவில்லை, கட்டினபின் முடியவே முடியாது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளைக்கு 45 மில்லியன் லிட்டர் வீதம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். 38 வீட்டுக் குளியல் தண்ணீரை கழிப்பறைக்கு ஊற்ற நமக்கு என்ன கூச்சம்?

வக்கீல்வாசல் | செவ்வாய் மாலை 4.35

மேடம் சொன்னதோடு சேர்த்து: எதுவானாலும் ஒப்பந்தத்தில் வர வேண்டும், விளம்பரத் தாளில் இருந்தால் பிரயோஜனமில்லை. எட்டு வீட்டுக்கு மேல் என்பதால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். வாங்குவோரிடம் வசூலிப்பதில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்கும். ஆனால் உங்களுக்குத் தர வேண்டிய வாடகைக்கு அது காவல் இல்லை. வங்கி உத்தரவாதம் கேளுங்கள்.

இருபத்தாறாம்மாதம் | செவ்வாய் இரவு 11.08

வங்கி உத்தரவாதம் கேட்காமல் விட்டவன் நான். 24 மாதம் என்றார்கள். 26-ஆம் மாதம் வாடகை நின்றது. மூன்றாவது தளம் போட்ட நிலையில் வேலையும் நின்றது. வழக்கு நடக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அங்கே போய் தகரத் தடுப்பு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு வருகிறார். எங்கள் சமையலறை இருந்த உயரத்தில் இப்போது ஒரு அரசமரக் கன்று.

கம்பிகட்டி | புதன் காலை 7.05

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. நிற்கிற தூணை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுத் தூண் போட்டு, மேலே இரண்டு சோலார் தகடு வைத்து, பசுமைக் கட்டடம் என்று பலகை மாட்டுகிறோம். எனக்கு இதில்தான் சோறு, இருந்தாலும் சிரிப்பு வரும்.

பிரான்ஸில் போர்தோ நகரத்தில் கிராண்ட் பார்க் என்ற இடத்தில் 1960-களின் மூன்று அடுக்குமாடிகள், 530 வீடு. இடிக்காமல், குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லாமல், வெளிப்பக்கம் புதுச் சட்டம் கட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய கண்ணாடித் தாழ்வாரம் சேர்த்தார்கள், லிஃப்டும் புதிதாக வைத்தார்கள். செய்தவர்களில் இருவரான லகாத்தோன், வசால் ஜோடிக்கு 2021-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அங்கே அரசாங்க வாடகை வீடு, நம் ஊரில் 24 உரிமையாளர், 24 மனசு. அப்படியே எடுத்து ஒட்ட முடியாதுதான். ஆனால் இடிப்பது ஒன்றுதான் வழி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இடிப்பதென்றே முடிவானால் இடிபாடு எங்கே போகிறது என்று எழுதி வாங்குங்கள். மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டட இடிபாட்டை நொறுக்கிப் பிரிக்கும் ஆலை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிற லாரியும் இருக்கிறது.

ரெட்டைத்தண்டவாளம் | புதன் காலை 9.20

சரி, ஒரு இடத்தில் நான் இறங்கி வருகிறேன். அடர்த்தி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அடர்த்திக்கான பிரீமியம் கட்டணத்தை வசூலிக்கிறார்களே, அந்தப் பணம் எந்தத் தெருவில் வசூலானதோ அந்தத் தெருவின் குழாய்க்கும் நடைபாதைக்கும் முதலில் வர வேண்டும். அதைக் கேட்டு ஐந்து கட்டடச் சங்கமும் சேர்ந்து மனு கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், நான் உங்கள் தெருவே இல்லை என்றாலும்.

நடுமாம்பலம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.40

கேட்டவர்களுக்கு: நடந்ததைச் சொல்கிறேன்.

தனிப் பொறியாளரை வைத்துச் சோதனை செய்தோம். வீட்டுக்குச் சமமாகப் போட்ட பணம், அதற்கே இரண்டு கூட்டம். தூண்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கழிப்பறைக் குழாய் இறங்கும் பக்கத்து நான்கு தூணும் மேல்தளக் கூரையும் மோசம். சீர்செய்யலாம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். கம்பிகட்டி சொன்னபடியே.

ஆனால் வாக்கெடுப்பில் பழுதுபார்ப்பதற்கு ஆறு பேர்தான் கை தூக்கினோம். பழுதுபார்க்க நம் கையிலிருந்து பணம் போட வேண்டும், இடித்தால் பணம் வரும். இதில் யாரைக் குற்றம் சொல்ல? மூன்றாம் மாடி மாமியே இடிப்பதற்குத்தான் கை தூக்கினார். "லிஃப்ட் வந்தா கோயிலுக்குப் போவேண்டா" என்றார். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றுமில்லை. வெளிப்பக்க லிஃப்டுக்குப் பக்க இடைவெளி போதவில்லை.

இடிப்பதற்குக் கையெழுத்துப் போட்டவர்கள் 15. ஒன்று குறைகிறது. பதினாறாவது நான்தான் என்று எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் எழுதிக் கொடுத்தவை: கார்ப்பெட் ஏரியா ஒப்பந்தத்தில் வர வேண்டும், வாடகைக்கு வங்கி உத்தரவாதம், குளியல் தண்ணீருக்குத் தனிக் குழாய், இடிபாடு ஆலைக்குப் போன ரசீது, வாடகைக்கு இருக்கும் ஒன்பது குடும்பத்துக்கும் கல்வியாண்டு முடியும்வரை அவகாசமும் மாறும் செலவும், கிணறு. கார்ப்பெட் கணக்கு 770-இல் வந்து நின்றது. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். குழாய்க்காக ஐந்து கட்டடமும் சேர்ந்து மனுவும் கொடுத்தோம், 61 கையெழுத்து. தண்டவாளத்தின் கையெழுத்து சேராது என்று சொல்லிவிட்டார்கள், முகவரி வேறாம்.

நேற்று திருத்திய வரைபடம் வந்தது. சரிவுப் பாதையை முன்பக்கம் நகர்த்திக் கிணற்றை விட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டு கார் நிறுத்தம் குறைகிறது. 38 வீட்டுக்கு 36. பில்டர் தன் பங்கிலிருந்து தர முடியாது என்று கையை விரித்துவிட்டார். ஏற்கனவே கையெழுத்துப் போட்ட 15 பேரும் இப்போது வாட்ஸ்அப் குழுவில் அடித்துக்கொள்கிறார்கள், யார் காரை விடுவது என்று. என்னிடம் கார் இல்லை, என் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று வேண்டும்.

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 9.02

மாமியிடம் கார் இருக்கிறதா?

நடுமாம்பலம் | ஞாயிறு இரவு 9.10

இல்லை. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் பையன் வரும்போது வண்டி நிறுத்த வேண்டுமாம். நாளைக்குக் காபி குடிக்கப் போகிறேன்.

ஏரிக்கரைப் பெருசு | ஞாயிறு இரவு 9.31

கிணற்றில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர்?

நடுமாம்பலம் | திங்கள் காலை 6.20

இப்போதுதான் கயிறு விட்டுப் பார்த்தேன் ஐயா. பதினான்கு அடி.